9 மில்லியா, .38-ஆ, .32-ஆ? கடைக்குக் கைத்துப்பாக்கி எடுக்கும் முன்

சுங்கை சிப்புட்டில் நகைக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள் பாராங் கத்தியைக் காட்டி அவருடைய கண்ணாடிப் பெட்டியை உடைத்திருக்கிறார்கள். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பம் போடப்போகிறார். ".45 என்றால் ஒரே குண்டில் ஆள் விழுந்துவிடுவான் என்கிறார் ஒருவர். .32 போதும் என்கிறார் இன்னொருவர். தோட்டாவுக்கே சம்பாத்தியம் போய்விடக் கூடாது, மாதா மாதம் பழகவும் வேண்டும். எந்தக் காலிபர் எடுப்பது?"

காலிபர் என்பது குண்டின் விட்டத்தைக் குறிக்கும் எண். பிஸ்டல் (தோட்டா மேகசினில் இருப்பது) என்றால் 9 மில்லி, ரிவால்வர் (தோட்டா சுழலும் உருளையில் இருப்பது) என்றால் .38 ஸ்பெஷல். இந்த இரண்டையும் தாண்டி உங்கள் கடைக்கு வேறெதுவும் தேவையில்லை. கை வலிமை குறைந்தவர்களுக்கு .32-ஐயும் ஒதுக்கிவிட முடியாது. .45, .357 பக்கம் போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் சட்டம், ஏனென்றால் நம் மலேசியாவில் காலிபரைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதியை அதுதான் செய்கிறது.

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க முடியாது. உதிரி பாகத்தையும் அந்தச் சட்டம் ஆயுதமாகவே பார்க்கிறது. காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். "பழகத்தானே, ஏர் கன் ஒன்றை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கள்ளத் துப்பாக்கிக்கு 1971-ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் வைத்திருக்கிறது. நம்மவர்களுக்கு இது புதிதல்ல. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில்தான். அவசரகாலம் முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் இந்த நாடு துப்பாக்கியைப் பார்க்கும் பார்வையில் அந்தக் காலத்தின் கண்டிப்பு இன்னும் இருக்கிறது.

உரிமம் ஒரு ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட ஆயுதத்துக்கு. அதில் பெயர் இல்லாத மனைவியோ மகனோ கடைப்பையனோ அதைத் தொடக் கூடாது. எத்தனை தோட்டா வாங்கலாம், வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அதனால் விண்ணப்பப் படிவத்தில் காலிபரை எழுதும் முன்பே இரண்டு இடத்தில் விசாரியுங்கள். ஒன்று, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி: எந்தத் தோட்டா தட்டுப்பாடில்லாமல் வருகிறது? இரண்டு, நீங்கள் பழகப் போகும் லாபாங் சாசார், அதாவது துப்பாக்கி சுடும் திடல்: அங்கே எந்தக் காலிபரைச் சுட விடுகிறார்கள்? எவ்வளவு நல்ல துப்பாக்கியானாலும், அதற்குத் தோட்டா ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றால் உங்களுக்கு உதவாது.

இனி காலிபர். கைத்துப்பாக்கிக் குண்டு ஆளைத் தூக்கி எறியாது. படத்தில்தான் அப்படி. தாக்க வருகிறவன் நிற்பதற்கு இரண்டு வழிதான் உண்டு: மூளையோ தண்டுவடமோ அடிபட வேண்டும், அல்லது பெரிய ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் வடிய வேண்டும். இரண்டாவதற்கு விநாடிகள் பிடிக்கும், அந்த விநாடிகளில் பாராங் இன்னும் அவன் கையில்தான் இருக்கும். பயந்து ஓடுவது தனி. பெரும்பாலும் அதுதான் நடக்கும், அதற்கு எந்தக் காலிபரும் போதும். ஓடாதவனை நிறுத்த வேண்டுமென்றால் குண்டு போதிய ஆழம் போக வேண்டும், சரியான இடத்தில் பட வேண்டும், தேவைப்பட்டால் உடனே அடுத்த குண்டும் அதே இடத்துக்குப் போக வேண்டும். குண்டின் பருமன் இந்த மூன்றுக்கும் பின்னால்தான் வருகிறது.

இதை உலகத்துக்கு உணர்த்தியது 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமியில் நடந்த சண்டை. எஃப்பிஐ என்ற அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் ஆட்கள் எட்டுப் பேர், எதிரே வங்கிக் கொள்ளையர் இருவர். அந்த இருவரில் ஒருவனுக்குத் தொடக்கத்திலேயே 9 மில்லிக் குண்டு ஒன்று கையைத் துளைத்து மார்புக்குள் போனது. சாகடிக்கும் காயம்தான், ஆனால் குண்டு இதயத்தைத் தொடாமல் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. அந்தக் காயத்தோடு அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தசைக்குப் பதிலாக வைத்துச் சுடும் சோதனை ஜெல்லில் 12 முதல் 18 அங்குலம், அதாவது 30 முதல் 46 சென்டிமீட்டர் வரை குண்டு போக வேண்டும் என்ற அளவுகோலை எஃப்பிஐ வகுத்தது. முதலில் 10 மில்லிக்குப் போனார்கள். அதன் உதை பலருக்கு ஒத்துவரவில்லை. 1990-இல் .40 வந்தது. குண்டு செய்யும் முறை தேறியபின், சுமார் 25 ஆண்டு கழித்து, அதே எஃப்பிஐ 9 மில்லிக்கே திரும்பியது. 9 மில்லியில் ஆட்கள் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள் என்பது அந்த முடிவுக்கு முக்கியமான காரணம்.

இப்போது எண்களைப் பாருங்கள். பெட்டியில் குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் போட்டிருப்பார்கள், ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன். .32 ஏசிபியின் (பிஸ்டலில் போடும் .32 தோட்டா) குண்டு 71 கிரெய்ன், சுமார் 4.6 கிராம். .38 ஸ்பெஷல் 158 கிரெய்ன், 10.2 கிராம், வேகம் விநாடிக்கு 230 மீட்டர் அளவில். 9 மில்லி 115 கிரெய்ன், 7.45 கிராம், வேகம் 350 மீட்டரைத் தொடும். .45 ஏசிபி 230 கிரெய்ன், 14.9 கிராம், 255 மீட்டர். எடையை வேகத்தால் பெருக்கினால் உங்கள் கைக்கு வரும் உதையின் அளவு கிட்டத்தட்டப் பிடிபடும். .32-ஐ ஒரு பங்கு என்று வைத்தால் .38-உம் 9 மில்லியும் இரண்டு பங்குக்குச் சற்று முன்பின், .45 மூன்று பங்குக்குப் பக்கம். .45-க்கும் 9 மில்லிக்கும் குண்டின் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றேதான், 450 முதல் 490 ஜூல் அளவில். அந்தக் கூடுதல் உதையைத் தாங்கி, தோட்டாவுக்கும் கூடுதல் காசு கொடுத்து, .45-இல் உங்களுக்குக் கிடைப்பது சற்று அகலமான துளை மட்டும்தான்.

உதையைத் தீர்மானிப்பது காலிபர் மட்டுமல்ல. துப்பாக்கியின் எடையும் உள்ளே அது இயங்கும் விதமும் சேர்ந்துதான் கைக்குத் தெரியும். நாலங்குலக் குழல் வைத்த சிமித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 கிட்டத்தட்ட ஒரு கிலோ. அதில் .38 மிருதுவாகச் சுடும். அதே தோட்டாவை 400 கிராம் எடையுள்ள அலுமினியச் சட்டக் குட்டி ரிவால்வரில் போட்டால் இருபது தோட்டாவில் உள்ளங்கை எரியும், அதன் பிறகு நீங்கள் பழகுவது சுடுவதையல்ல, பயப்படுவதை. .380 ஏசிபி விஷயத்திலும் பலர் ஏமாந்துபோகிறார்கள். 9 மில்லியைவிடச் சின்னத் தோட்டாதானே என்று சட்டைப்பை அளவுப் பிஸ்டல் ஒன்றை எடுப்பார்கள். அந்த வகைப் பழைய பிஸ்டல்கள் பலவற்றில் குழலும், அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் மேல்சட்டமும் பூட்டிக்கொள்ளாது, வெறும் ஸ்பிரிங்கும் எடையும்தான் உதையைத் தாங்க வேண்டும். அதனால் நடுத்தர அளவு 9 மில்லிப் பிஸ்டலைவிட அது கையில் கடுமையாக உதைக்கும், மேல்சட்டத்தை இழுப்பதும் கஷ்டம். கடையில் கல்லாவுக்குக் கீழே வைக்கப்போகும் துப்பாக்கிக்குச் சட்டைப்பை அளவு எதற்கு?

விலைக்கு வருவோம். உலகச் சந்தையில் மிக மலிவானது .22. ஒரு 9 மில்லித் தோட்டா விலைக்கு மூன்று, நான்கு .22 வரும். மையத்தில் தட்டிச் சுடும் தோட்டாக்களில் எங்கும் மலிவு 9 மில்லிதான், ஏனென்றால் உலகத்துப் போலீசும் ராணுவமும் பெரும்பாலும் அதைத்தான் சுடுகின்றன. நம் போலீசின் வால்தர் பி99-உம் 9 மில்லிதான். .38 அதைவிடக் கூடுதல். .32, .380 இரண்டிலும் ஈயமும் பித்தளையும் குறைவாக இருந்தும் விலை குறைவதில்லை, காரணம் அவை குறைவாகத் தயாராவதுதான். .45 எல்லாவற்றுக்கும் மேலே.

அப்படியானால் .22-ஐயே தற்காப்புக்கும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். வேண்டாம். .22 தோட்டாவில், ஊசி தட்டியதும் தீப்பற்றும் தனி மருந்துமூடி கிடையாது. அடிவிளிம்பின் உள்மடிப்பில்தான் தீமருந்தைப் பரப்பியிருப்பார்கள். அது சீராகப் பரவாத இடத்தில் ஊசி தட்டினால் தோட்டா வெடிக்காது. நல்ல கம்பெனித் தோட்டாவிலும் இது நடக்கிறது. பழக ஏற்றது, உயிரை நம்பி வைக்க ஏற்றதல்ல. பழகுவதற்கென்று இரண்டாவதாக ஒரு .22 எடுக்கலாம் என்றால் அதற்குத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி சுடும் மன்றத்து .22-ஐ அங்கேயே சுட விடுவார்களானால் அந்த வாய்ப்பை விடாதீர்கள்.

.32-ஐப் பற்றி. 1899-இல் பிரவுனிங் வடிவமைத்தது. வயதானவர்கள், விரலில் மூட்டுவலி உள்ளவர்கள், மணிக்கட்டு மெலிந்தவர்கள் .32-இல் ஐந்து குண்டை ஒரே உள்ளங்கை அளவில் போட முடிகிறது, 9 மில்லியில் முடியவில்லை என்றால், .32 தான் அவர்களுக்குச் சரி. அதில் ஈயத்துக்கு முழு உலோக உறை போட்ட உருண்டைமுனைத் தோட்டாவையே வையுங்கள். முனை குழிந்த தோட்டா அந்த வேகத்தில் சரியாக விரியாது, விரிந்தாலும் ஆழம் போதாது. இன்னொன்று: .32 தோட்டாவின் அடிவிளிம்பு லேசாக வெளியே துருத்தியிருக்கும். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், விரலால் தட்டினால் வராது. ஒவ்வொரு தோட்டாவையும் முந்தையதன் விளிம்புக்கு முன்னால் விழும்படி செருக வேண்டும்.

.38-இல் தெரிந்துகொள்ள வேண்டியது வாட்கட்டர். 148 கிரெய்ன், முனை மழுங்கலாக, தோட்டா வாய்க்குள் அமுங்கினாற்போல இருக்கும். இலக்குச் சுடுவதற்கென்று செய்தது, உதை மிகக் குறைவு, காகிதத்தில் காகிதத்துளைக் கருவி போட்டதுபோல் வட்டமாக வெட்டும். குட்டி ரிவால்வரில் தற்காப்புக்கும் பலர் இதையே விரும்புகிறார்கள், ஆழம் போகிறது, கையும் அலறுவதில்லை. ஒரே குறை, மொட்டை முனை என்பதால் உருளைக்குள் வேகமாக நிரப்ப வராது. .357 ரிவால்வர் கிடைத்தால் அதில் .38-ஐப் போட்டுச் சுடலாம். .38 ரிவால்வரில் .357 போகாது, நீளம் அதிகம், முயலவும் கூடாது. .357-ஐ நான்கு சுவருக்குள் சுட்டால் அந்தச் சத்தமும் தீப்பிழம்பும் உங்களையே சில விநாடி செயலற்றவராக்கிவிடும். அதனால்தான் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றேன்.

உங்கள் கடையையும் பார்க்க வேண்டும். முன்னால் கண்ணாடி, அதற்கு வெளியே அஞ்சடி நடைபாதை, எதிர்வரிசையில் சாப்பாட்டுக்கடை, பின்னால் பிளைவுட் தடுப்புக்குப் பின் நகை வேலை செய்யும் ஆசாரி. முழு உறைபோட்ட 9 மில்லி ஜெல்லில் 60 சென்டிமீட்டர் போகக்கூடியது. பிளைவுட் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. எந்தக் காலிபர் எடுத்தாலும், கல்லாவிலிருந்து எந்தத் திசையில் சுட்டால் பின்னால் செங்கல் சுவர் இருக்கிறது, எந்தத் திசையில் ஆள் இருப்பார்கள் என்று கடையை மூடியபின் நின்று பாருங்கள். இரும்புப் பெட்டியை நகர்த்தி வைத்தாலே நிலைமை மாறலாம்.

இனி பழக்கம். மாதம் 50 தோட்டா, வருடத்துக்கு 600. உரிமத்தின் வரம்புக்குள் இது முடியாவிட்டால் 30. அதைவிடக் குறைந்தால் கை மறந்துவிடும். 50-ஐயும் ஒரே மூச்சில் 25 மீட்டரில் வீணாக்காதீர்கள். கடைக்குள் தூரம் மூன்று மீட்டர், மிஞ்சிப்போனால் ஏழு. முதல் 10 மூன்று மீட்டரில், ஒவ்வொன்றாக, மெதுவாக. அடுத்த 20 ஐந்து மீட்டரில் இரண்டிரண்டாக. 10 ஏழு மீட்டரில். மீதி 10 இப்போது சொல்லும் சோதனைக்கு.

ரிவால்வரின் ஆறு அறையில் நான்கில் தோட்டா, இரண்டில் சுட்ட காலிக் கூடு. பார்க்காமல் உருளையைச் சுற்றி மூடுங்கள். குறிபார்த்து விசையை இழுங்கள். எது வெடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சுத்தி காலிக் கூட்டில் விழும்போது குழல் நுனியில் உள்ள முன்குறியைப் பாருங்கள். சத்தத்துக்கு முந்திக்கொண்டு கை உதையை எதிர்த்தால், வெடிக்காத அந்தத் தட்டலில் முன்குறி கோழி கொத்துவதுபோல் தலைகுனியும். அந்தக் குனிவுதான் வலக்கைக்காரர்களின் குண்டைக் கீழே இடப்புறமாகக் கொண்டுபோகிறது. குனியாமல் அசையாமல் நிற்கும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். பிஸ்டல் என்றால் மேகசினில் இடையிடையே போலித் தோட்டாவைப் பக்கத்தில் நிற்பவரை விட்டுச் செருகச் சொல்லுங்கள். உங்களுக்கு எந்தக் காலிபர் அதிகம் என்பதையும் இதே சோதனை சொல்லிவிடும். 9 மில்லியில் எத்தனை மாதம் போனாலும் குனிவு நிற்கவில்லை, .38 வாட்கட்டரில் நிற்கிறது என்றால் அதற்குமேல் வேறு ஆலோசனை வேண்டியதில்லை.

காசே ஆகாத பழக்கம் வெற்றுச் சுடுதல். தோட்டா முழுவதையும் வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். துப்பாக்கியைத் திறந்து கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை, மூடும் முன் இன்னொரு முறை பாருங்கள். செங்கல் சுவரை நோக்கி நில்லுங்கள். பிஸ்டல் என்றால் முன்குறிக்குப் பின்னால் மேல்சட்டத்தின் மீது ஒரு பத்துக் காசை வைத்து, அது விழாமல் விசையை இழுங்கள். ரிவால்வரின் இரட்டை இயக்க விசை நாலரை, ஐந்து கிலோ இழுக்கும், அதற்கு விரல் தசை ஏற வேண்டும். ஒரு நாளைக்கு 30 இழுப்பு, வாரத்தில் ஐந்து நாள். விசையை முழுவதும் முன்னால் விட்டபிறகே அடுத்த இழுப்பு, பாதியில் திரும்ப இழுத்தால் ரிவால்வர் சிக்கிக்கொள்ளும். முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லி எடுத்து வையுங்கள். தோட்டா நிரப்பியபிறகு "இன்னும் ஒன்று" என்று இழுப்பவர்கள்தான் சுவரில் ஓட்டை போடுகிறார்கள். .22-ஐ மட்டும் வெறுமனே தட்டாதீர்கள், ஊசி அறை விளிம்பைக் குத்திச் சேதமாக்கும்.

தோட்டா கெட்டுப்போகும் விதங்களை நம் ஊர் ஈரத்தில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தோல் உறையின் வளையங்களில் மாதக்கணக்கில் செருகி வைத்தால், தோல் பதனிட்ட ரசாயனத்தில் பித்தளை பச்சை பூக்கும். துருவுக்குப் பயந்து எண்ணெயைத் தாராளமாக அடித்தால் அது மருந்துமூடிக்குள் இறங்கித் தோட்டாவைச் செத்ததாக்கும். எண்ணெய் துப்பாக்கிக்கு, தோட்டாவுக்கு அல்ல. காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, வாங்கிய தேதி எழுதி வையுங்கள்.

பிஸ்டல்காரர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஆபத்து ஒன்று. காலையில் கடையைத் திறக்கும்போது ஏற்றுவீர்கள், இரவில் இறக்குவீர்கள். தினமும் அறைக்குள் போவது மேகசினின் அதே மேல் தோட்டா. ஒவ்வொரு முறையும் அதன் மூக்கு, குழலுக்குள் ஏற்றிவிடும் சரிவான ஏறுதளத்தில் மோதும். சில வாரத்தில் குண்டு கூட்டுக்குள் மெல்ல அமுங்கும், உள்ளே மருந்துக்கு இடம் குறையும், சுடும்போது அழுத்தம் ஏறும். அந்த மேல் தோட்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்த புதியதோடு மேசையில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியுமளவு குட்டையாக இருந்தால் சுடாமல் ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறை மேல் தோட்டாவை அடியில் மாற்றிப் போடுவது நல்லது. வைத்திருக்கும் மொத்தத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழகும் இடத்தில் சுட்டுத் தீர்த்துப் புதிதாக நிரப்புங்கள். ரிவால்வரில் இந்தத் தொல்லை கிடையாது.

சுடும்போது தட்டி வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை விட்டு எடுக்காமல் 30 விநாடி பொறுங்கள், தாமதமாக வெடிக்கக்கூடும். வழக்கமான சத்தம் வராமல் "புஸ்" என்று மட்டும் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மருந்து குறைந்த தோட்டா அது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். இறக்கிவிட்டு, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தபிறகுதான் மறுபடி.

சட்டத்தின் கடைசிப் பகுதியையும் மனதில் வைத்தே காலிபரைத் தேர்ந்தெடுங்கள். தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. 99-ஆம் பிரிவு, தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யும் உரிமை இல்லை என்கிறது. பாராங்கை ஓங்கிக்கொண்டு கல்லாவைத் தாண்டி வருகிறவன் வேறு, சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு மோட்டாரில் ஏறி ஓடுகிறவன் வேறு. இரண்டாமவனின் முதுகில் சுட்டால் நீங்கள் நிற்கப்போவது குற்றவாளிக் கூண்டில். அவன் கொண்டுபோன சங்கிலியைக் காப்புறுதியில் கேளுங்கள். அதற்கான பாலிசி இல்லையென்றால், விண்ணப்பத்தோடு போலீஸ் பாலாய்க்குப் போகும் அதே வாரத்தில் அதையும் எடுத்துவிடுங்கள்.

ஆக, விண்ணப்பத்தில் எழுத: கைக்கு அடங்கும் நடுத்தர அளவு 9 மில்லிப் பிஸ்டல். மேல்சட்டத்தை இழுக்கக் கஷ்டப்பட்டாலோ, இயந்திரத்தோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லையென்றாலோ, மூன்று அல்லது நாலங்குலக் குழல் வைத்த எஃகு .38 ரிவால்வர். எழுதும் முன் லாபாங் சாசாரில் பயிற்றுநர் முன்னிலையில் இரண்டையும் ஐம்பது ஐம்பது சுட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். இரண்டு இலக்குத் தாளையும் மடித்துப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.